பின் லைட் எரிகிறதா?

"சார்... சைடு ஸ்டாண்டு!"

சென்னையில் வண்டி ஓட்டுகிறவர் யாருக்கும் இந்தக் குரல் தெரியும். ஸ்டாண்டை மடக்க மறந்து ஒருவர் கிளம்பினால் போதும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெரியவர் கத்துவார். ஆட்டோக்காரர் ஆரன் அடித்துக் காலைக் காட்டுவார். எதிரே வருகிற பெண் கையை நீட்டிச் சொல்லி விட்டுப் போவார்.

சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. பேர் தெரியாது. ஊர் தெரியாது. ஒரு ஆள் கீழே விழுந்து விடக் கூடாது என்ற நினைப்பு, அவ்வளவுதான். நல்ல பழக்கம். ஊருக்குப் பெருமை.

அதே ஊரில் மாலை 7 மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்க்க வேண்டும். ஆபீஸ் முடிந்து தாம்பரம் பக்கம் போகிற கூட்டம். அதில் ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் சொட்டு வெளிச்சம் இல்லை. கிண்டியில் ஏறியவர் பல்லாவரம் தாண்டி, குரோம்பேட்டை தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மனசு இல்லாமல் அல்ல. நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டாண்டு கண்ணுக்குத் தெரிகிறது. எரியாத விளக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

ஓட்டுகிறவருக்கே தெரியாது

ஹெட்லைட் போனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். ரோடு இருட்டி விடும். ஆரன் போனால் முதல் சந்திலேயே தெரியும். பின் லைட் போனால் மட்டும் தெரியாது. முதுகில் ஒட்டிய சேற்றை அடுத்தவர் சொன்னால்தானே தெரியும்? அந்தக் கதைதான். "பின் பல்பு போச்சு" என்று எச்சரிக்கிற வசதி பெரும்பாலான வண்டிகளில் இல்லை.

2017 ஏப்ரல் 1 முதல் புது இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் அதனால் ஒரு தப்பு நினைப்பும் வந்து விட்டது. "லைட்தான் தானா எரியுதே, நம்ம பாக்க என்ன இருக்கு?" என்கிறார்கள். முன்னால் எரிகிற பல்பு வேறு. பின்னால் எரிகிற பல்பு வேறு. ஒயரும் வேறு. முன்னது எரிவது பின்னதற்குச் சாட்சி ஆகாது.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிற லாரி, ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடி விடும். முன்னால் ஏதோ இருக்கிறது என்று கண்டு, டிரைவர் காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். லோடு வண்டி மிதித்த இடத்தில் நிற்காது. சிவப்பு விளக்கு இருந்தால் டிரைவர் தூரத்திலேயே பார்ப்பார். இல்லாவிட்டால் தன் ஹெட்லைட் வெளிச்சத்தில் விழுந்த பிறகுதான் பார்ப்பார். கறுப்பு வண்டி, கறுப்பு மழைக்கோட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

2022-ம் ஆண்டில் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. இதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்து வகைகளில் முதலிடம், பின்னால் வந்து மோதியதற்கு. விபத்து அதிகம் நடந்த நேரம் மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை. வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம்!

இத்தனைக்கும் பின் லைட்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. வேகம் உண்டு, குடி உண்டு, குண்டும் குழியும் உண்டு. ஆனால் அவற்றில் பல ஒரு தனி மனிதர் கையில் இல்லை. பின் லைட் அவர் கையில் இருக்கிறது.

சோதிக்காமல் மாற்றுவதா?

விளக்கு எரியாததைக் கண்டுபிடித்தவர் என்ன செய்கிறார்? நேரே ஒர்க்‌ஷாப் போகிறார்.

"அண்ணே, பின் லைட் எரியல. கொஞ்சம் பாருங்க."

"ஒயரிங் பூரா போச்சு தம்பி. முழு செட்டும் மாத்திடலாம்."

மாதக் கடைசியில் இதைக் கேட்டால் குமாஸ்தாவுக்குத் தலை சுற்றாதா? "சம்பளம் வரட்டும்ணே" என்று சொல்லி விட்டுக் கிளம்புகிறார். அன்று முதல் பதினைந்து நாள் இருட்டில்தான் ஓட்டுகிறார்.

எல்லா மெக்கானிக்கும் இப்படி இல்லை. புதுப்பேட்டையிலும் சரி, மற்ற தெருக்களிலும் சரி, பல்பைக் கழற்றிப் பார்த்தே நோயைச் சொல்லுகிற கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோதிக்காமலே சாமானை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கரண்டு எங்கே நின்று போச்சு என்று பார்க்காமல் பேட்டரியை மாற்றுவது, அப்புறம் சுவிட்சை மாற்றுவது, அப்புறம் ஒயரை மாற்றுவது. கடைசியில் பார்த்தால் ஒரு ஸ்குரூ துருப்பிடித்திருக்கும்!

விளக்குக் கோளாறில் பெரும்பாலானவை சின்னக் கோளாறுகள். பல்பு, பியூஸ், துரு, லூசான கப்ளர், அறுந்த ஒயர். முறையாகப் பார்த்தால் கால் மணி நேர வேலை. செலவு பல சமயம் ஒரு டீ, வடை காசு.

போன கரண்டு திரும்பணும்

வண்டிக்காரர் ஒன்றே ஒன்றைப் புரிந்து கொண்டால் போதும். கரண்டு ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

பேட்டரியில் கிளம்புகிறது. பியூஸ், சாவி, சுவிட்சு, ஒயர் வழியாகப் பல்புக்குப் போகிறது. அங்கேயே நின்று விடுவதில்லை. பல்பைத் தாண்டி, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவோ தனி ஒயர் வழியாகவோ பேட்டரிக்கே திரும்பி வருகிறது. இந்தத் திரும்பும் வழிக்குத்தான் மெக்கானிக்குகள் "எர்த்" என்கிறார்கள்.

போகிற வழியை எல்லாரும் பார்க்கிறார்கள். வருகிற வழியைப் பலர் பார்ப்பதே இல்லை. எர்த் ஒயரை முடுக்கிய போல்ட்டில் துரு ஏறினாலோ, பெயிண்ட் அடித்த இடத்தில் ஒயரை முடுக்கினாலோ கரண்டு திரும்ப முடியாது. பல்பு நல்ல பல்பு, பேட்டரி நல்ல பேட்டரி, ஆனாலும் விளக்கு எரியாது.

ஒரு டெஸ்ட் லேம்ப் போதும்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் வேண்டாம். 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்று, இரண்டு ஒயர், ஒரு முனையில் கிளிப், மறு முனையில் ஊசி. இதுதான் டெஸ்ட் லேம்ப். இரண்டு ஒயர் முடுக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்து விடலாம்.

முதல் வேலை, பின் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது. பல வண்டிகளில் இந்தப் பல்புக்குள் இரண்டு இழை உண்டு. ஒன்று 5 வாட், இரவு முழுக்க எரிவதற்கு. இன்னொன்று 21 வாட், பிரேக் மிதித்தால் எரிவதற்கு. ஒன்று அறுந்து இன்னொன்று உயிரோடு இருக்கலாம். "பிரேக் லைட் நல்லா எரியுதே, அப்ப பல்பு நல்ல பல்புதான்" என்று சொல்கிறவர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து ஹோல்டர். உள்ளே துருவோ பச்சைக் களிம்போ இருந்தால் உப்புத்தாளால் மெல்லச் சுரண்ட வேண்டும். சாவி ஆப் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக டெஸ்ட் லேம்ப். கிளிப்பை பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டி, சாவி போட்டு, விளக்கையும் போட்டு, ஊசியை ஹோல்டரின் உள் முனையில் வைக்க வேண்டும். டெஸ்ட் லேம்ப் எரிந்தால் கரண்டு வந்து சேர்ந்து விட்டது என்று அர்த்தம். அப்போது குற்றவாளி பல்பு, இல்லாவிட்டால் எர்த். ஹோல்டரின் உடம்பிலிருந்து பேட்டரி மைனசுக்கு ஒரு ஒயரை நேராகப் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்து விடும். விளக்கு எரிந்தால் எர்த்தான் போச்சு. துருவைச் சுரண்டி போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது.

டெஸ்ட் லேம்ப் எரியவில்லையா? கரண்டு வழியிலேயே நிற்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கிற கப்ளர், அப்புறம் சுவிட்சு, அப்புறம் பியூஸ் என்று ஒவ்வொரு இடமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். எந்த இடத்தில் எரிந்து அடுத்த இடத்தில் எரியவில்லையோ, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது கோளாறு.

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் செலுத்துவதையே ஒரு சின்ன கம்ப்யூட்டர் கவனிக்கிறது. அந்தப் பெட்டிக்குப் போகிற ஒயர்களில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக் குத்தக் கூடாது. விளக்கு ஒயரோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

வண்டியே சொல்லும்

நோயாளி வயிற்றைப் பிடித்தால் டாக்டருக்குப் பாதி தெரிந்து விடும். வண்டியும் அப்படித்தான்.

லைட், ஆரன், இண்டிகேட்டர் எல்லாமே ஒரேயடியாகப் போனால் பல்பைக் கழற்றிப் பயன் இல்லை. பியூசையும் பேட்டரி முனையையும் பார்க்க வேண்டும். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அல்லது போல்ட் லூசாக இருக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் பின் லைட் கண் சிமிட்டுகிறதா? பேய் இல்லை, எர்த்! திரும்பும் வழி அடைபட்டதால் கரண்டு பக்கத்து பல்பு வழியாகச் சந்தில் புகுந்து போகிறது.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போய் விட்டது. பழைய பிளாஷரோடு எல்.இ.டி. பல்பு போட்டாலும் இப்படி ஆகும்.

ஹாண்டிலைத் திருப்பும்போது மட்டும் ஹெட்லைட் அணைந்து எரிந்தால், ஹாண்டில் கழுத்துப் பக்கம் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேல் உறை முழுசாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும். தினம் நூறு தடவை வளைந்தால் எந்த ஒயர் தாங்கும்?

புது பல்பு போட்டுப் போட்டு எரிந்து போகிறதா? பல்புக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்டும். என்ஜினை ரேஸ் செய்தால் 14 வோல்ட் பக்கம் வர வேண்டும். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு விட்டது. அதை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

பிரேக் லைட் எரியவே இல்லை, அல்லது அணையவே இல்லை என்றால் மிதிக்கு அருகில் இருக்கிற சுவிட்சைப் பார்க்க வேண்டும். அணையாத பிரேக் லைட்டும் ஆபத்துதான். இவர் எப்போது நிற்பார் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

மழை போன பிறகு வரும் வினை

ஐப்பசி, கார்த்திகையில் சென்னை ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் எத்தனையோ வண்டிகள் சீட்டு மட்டும் தண்ணீரில் நின்றன. காய வைத்து, ஆயில் மாற்றி ஓட்டினார்கள். "நல்லாத்தான் ஓடுது" என்றார்கள்.

ஒயர் கப்ளருக்குள் புகுந்த தண்ணீர் ஒரே நாளில் வேலையைக் காட்டாது. செம்பில் மெல்லப் பச்சைக் களிம்பு கட்டும். ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. சில மாதம் கழித்து நல்ல வெயில் நாளில் விளக்கு நின்று போகும். "மழையே இல்லையே, எப்படிப் போச்சு?" என்று வண்டிக்காரர் முழிப்பார்.

மழைக் காலத்துக்கு முன் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை, சீட்டைக் கழற்றிக் கப்ளர்களைப் பிரித்துத் துடைத்துக் காய வைத்தால் போதும். பேட்டரி முனையில் கொஞ்சம் வாசலின் தடவலாம். விரிந்த கண்ணாடி மூடியின் ரப்பரை மாற்றலாம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இதை மட்டும் செய்யாதீங்க

பியூஸ் போனதும் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி மாட்டுகிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். பியூஸ் என்பது காவல்காரன். ஷார்ட் ஆனால் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். காவல்காரனைக் கட்டிப் போட்டு விட்டுக் கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஒயர் எரியும். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது! 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 10 ஆம்பியரே போட வேண்டும். மறுபடியும் போனால் ஷார்ட்டைத் தேட வேண்டும். பெரிய பியூசைத் தேடக் கூடாது.

இன்னொரு ஆசை, 100 வாட் ஹெட்லைட். பல வண்டிகளில் கம்பெனி போட்டது 35 வாட். அதற்கு 3 ஆம்பியர் கரண்டு போதும். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதே மெல்லிய ஒயரில் சூடு ஏறக்குறைய 8 மடங்கு ஏறும். ஹோல்டர் உருகும், சுவிட்சு கருகும், பேட்டரி படுத்து விடும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும்.

எல்.இ.டி. விளக்கு வந்த வண்டிகளில் பல்பு மட்டும் தனியாக மாற்ற முடியாதபடி மூடியிருக்கும். முழு விளக்கையும் வாங்கச் சொல்வார்கள். வாங்கும் முன், அது வரைக்கும் கரண்டு வருகிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

யார் என்ன செய்யலாம்?

பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், இருட்டில் நம்பர் பிளேட் தெரிய வெளிச்சம் வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சட்டம் இருக்கிறது. பார்க்கிறவர்தான் வேண்டும்.

போக்குவரத்துப் போலீசார் முன்னால் நின்று தலையைப் பார்க்கிறார்கள். ஹெல்மெட் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சரிதான். வண்டி தாண்டிப் போன பிறகு ஒரு தரம் திரும்பிப் பின்னாலும் பார்த்தால் என்ன? விளக்கு எரியாதவருக்கு முதல் தடவை அபராதச் சீட்டு வேண்டாம். "நாளைக்குள்ள பல்பு போட்டுக் காட்டிட்டுப் போங்க" என்று சொன்னால் போதும். ஏழைக்குச் செலவு மிச்சம். உயிரும் மிச்சம்.

மெக்கானிக்குகள் பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்து, "இதான் போச்சு, இங்கதான் போச்சு" என்று காட்ட வேண்டும். காட்டுகிற கடைக்கு வாடிக்கை தானாக வரும்.

வண்டிக்காரர் செய்ய வேண்டியது ஒரு நிமிஷ வேலை. சாயங்காலம் கிளம்பும்போது ஒரு சுவருக்கோ, மூடிய கடையின் ஷட்டருக்கோ முதுகு காட்டி வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். சுவரில் சிவப்பு தெரிகிறதா? பிரேக்கைத் தொட்டால் சிவப்பு கூடுகிறதா? வண்டியை விட்டு இறங்கக்கூட வேண்டாம். கூடவே மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர். பல்பு போன அன்றும் பின்னால் வருகிற வெளிச்சத்தில் அது மின்னும். அதற்குக் கரண்டு வேண்டாம், ஒயர் வேண்டாம், எர்த்தும் வேண்டாம்.

மிச்சம் இருப்பவர்கள் கடைக்காரர்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள், சிக்னலில் பின்னால் நிற்பவர்கள். சைடு ஸ்டாண்டைப் பார்த்துக் கத்துகிற அதே நல்ல மனசுக்காரர்கள். அந்தக் குரலில் இன்னும் இரண்டு வார்த்தை சேரட்டும். சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டி இருட்டாக இருந்தால், பச்சை விழுவதற்குள் சொல்லி விடலாம்:

"அண்ணே... பின் லைட்!"

வீட்டில் சோறு எடுத்து வைத்து விட்டு ஒருத்தி வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பாள். அந்த இரண்டு வார்த்தை அவளுக்காக.